ஏழு நாய்கள் திரும்பிய ஆறு

தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றுக்குப் பல்குன்றக் கோட்டம் என்று பெயர். பல கோட்டங்கள் ஓர் ஊரின் பெயரைச் சுமக்க, இதற்கு மட்டும் யாரோ மலைகளை எண்ணத் தொடங்கி, பாதியில் எண்ணிக்கை தவறி, சரி, ‘பல’ என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டதுபோல ஒரு பெயர். போளூர்ப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. ஒரு முகடு முடியும் இடத்தில் இன்னொன்று ஆரம்பிக்கிறது. அதன் பின்னால் நீலமாக ஒன்று. அதற்கும் பின்னால், மேகமா மலையா என்று தெரியாமல் இன்னொன்று. இன்றைக்கு இதை ஜவ்வாது மலை என்கிறோம்.

வேலை நிமித்தம் வரைபடத் தரவுகளோடு கொஞ்ச காலம் மல்லுக்கட்டியவன் நான். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி, ரேடாரால் நிலத்தின் உயரத்தை அளந்தது. அந்தத் தரவு இலவசமாகக் கிடைக்கும். அதில் ஜவ்வாதை மட்டும் வெட்டி எடுத்து நிறம் போட்டுப் பார்த்தால், கீழே இருந்து பார்த்த மலை காணாமல் போய்விடும். கூம்பு கூம்பாகச் சிகரங்கள் என்று நினைத்த இடத்தில் ஒரு பெரிய மேசை. ஓரங்கள் சரிவாக வெட்டிக்கொண்டு இறங்குகின்றன, மேலே ஏறிவிட்டால் சமநிலமும் பள்ளத்தாக்கும் சின்னச் சின்னக் குன்றுகளும்தான். நடுவில் செய்யாறும் அகரம் ஆறும் அறுத்து, மேசையைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக்கியிருக்கின்றன. கீழே இருப்பவனுக்குச் சுவராகத் தெரிவது மேலே இருப்பவனுக்குத் தரை. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் ஜவ்வாதின் வரலாறு ஓரளவு பிடிபடும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அந்த வரலாற்றில் பெரும்பகுதியை எழுதியவர்கள் கீழே இருந்தவர்கள்.

மேலே இருப்பவர்கள் மலையாளிகள். இதை பெங்களூர் அலுவலகத்தில் சொன்னால், “அங்கேயும் போயிட்டாங்களா?” என்று கேட்கிறார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர் மலையாளி, அவ்வளவுதான். பேசுவது தமிழ். அரசுப் பட்டியலில் பழங்குடியினர். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் கல்வராயனிலும் இதே பெயரில் மக்கள் இருக்கிறார்கள். பலரும் சொல்லும் பூர்வீகக் கதையில் காஞ்சிபுரம் வருகிறது. ஜவ்வாதுக்காரர்களின் கதையில் மட்டும் நாய்களும் வருகின்றன.

வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, பிறகு எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளிலும் இடம்பெற்ற கதை அது. கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளர்களிடம் பெண் கேட்கிறார்கள். வேளாளர்கள் ஏளனமாக மறுக்கிறார்கள். ஆத்திரத்தில் வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மீட்டுவர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்புகிறார்கள். கிளம்பும்போது மனைவிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள்: நாய்கள் மட்டும் தனியாகத் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக்கொண்டு காரியம் பண்ணிவிடுங்கள்.

வழியில் பாலாறு. வெள்ளம். ஆட்கள் எப்படியோ தத்தளித்துக் கரையேறிவிடுகிறார்கள். நாய்கள் பாதி ஆறு நீந்தி, முடியாமல் திரும்பி, காஞ்சிபுரத்துக்கே போய்விடுகின்றன. வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்ற ஏழு நாய்களைப் பார்த்த பெண்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள். தாலி அறுக்கிறார்கள், காரியம் முடிகிறது. அங்கே கங்குந்தியில் வேடர்களைக் கொன்று பெண்களை மீட்ட ஆண்கள் சந்தோஷமாக ஊர் திரும்பினால், ஊரில் அவர்கள் செத்து நாளாகிவிட்டது. விதவையானவள் மறுபடி சுமங்கலி ஆக முடியாது, செத்தவனைச் சாதியில் சேர்க்க முடியாது. ஏழு பேரும் வேடர் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறி, காடு திருத்தி உழ ஆரம்பிக்கிறார்கள். அவர்களின் வழிவந்தவர்கள்தான் மலையாளிகள்.

கையேடு இதற்கு ஆண்டும் கொடுக்கிறது, சகம் 1055, அதாவது கிபி 1132. நாய்களின் கதைக்கு இவ்வளவு துல்லியமான தேதி எனக்கு நெருடுகிறது. தேதியைத் தள்ளுங்கள். கீழே இருப்பவன் உயர்ந்தவன், மலைக்காரன் அவனிடமிருந்து விழுந்தவன் என்று கதை சொல்வதாக ஒரு வாசிப்பு இருக்கிறது. அதிகாரிகள் அப்படித்தான் வாசித்திருப்பார்கள். எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. நாங்கள் ஓடிவந்தவர்கள் இல்லை, உயிரோடு திரும்பி வந்தவர்கள், நீங்கள்தான் எங்களைச் செத்ததாகக் கணக்கு எழுதினீர்கள் என்கிற வழக்கு அதில் இருக்கிறது. தவறு எங்கே நடந்தது? யாரும் பொய் சொல்லவில்லை. செய்தி கொண்டுவந்த நாய்கள்கூட விசுவாசமானவைதான். ஆளைப் பார்க்காமல் அடையாளத்தை நம்பியதுதான் தவறு. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு, சொன்னால் கதை கெட்டுவிடும்.

இந்த வட்டாரத்தில் திரும்பாத நாய் ஒன்றும் உண்டு. செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல், 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆவது ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்ட கல். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதற்கும் தனியாக எழுத்து பொறித்திருக்கிறார்கள். பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று. மன்னனின் பெயருக்கு இருக்கும் அதே கல்லில் நாயின் பெயரும். தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் செங்கம் நடுகற்களைத் தொகுத்து வெளியிட்டது. அந்தக் கற்களில் திரும்பத் திரும்ப வருவது ஆநிரைச் சண்டை: மாடு பிடிக்க வந்தார்கள், தடுத்தான், பட்டான். அரசர்களின் பெயர் ஆண்டுக் கணக்குக்காக மட்டும் மேலே ஒரு வரியில் நிற்க, செத்தவன் பெரும்பாலும் சாதாரண சேவகன். மலையடிவாரம் என்பது எல்லை. எல்லை என்றால் மாடு, மாடு என்றால் சாவு. இவ்வளவும் கல்லைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

இதே செங்கத்துக்கு இன்னும் பழைய பெயர் செங்கண்மா. பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடியதுதான் மலைபடுகடாம். பத்துப்பாட்டில் கடைசி, 583 அடி, பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் பசித்த கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதுதான் பாட்டு. கல்லூரியில் ‘ஆற்றுப்படை’ என்று ஒரு மதிப்பெண் கேள்வியாக அதைக் கடந்துபோனவர்கள், தயவுசெய்து ஒருமுறை வழிகாட்டும் குறிப்பாக மட்டும் வாசித்துப் பாருங்கள். அசந்துபோவீர்கள்.

பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், விடிந்தபிறகு நட. பாம்பு ஒடுங்கும் குழிகள் உண்டு, பார்த்துக் கால் வை. தினைப்புனத்தில் பரண்மேல் இருப்பவர்கள் யானையை விரட்டக் கவணில் கல் எறிவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கு. பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்காதே. பாதை பிரியும் இடத்தில் பின்னால் வருகிறவர்களுக்காகப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போ. வழியில் நடுகற்கள் வரும், வணங்கிவிட்டுப் போ. இரவானால் குகையில் தங்கு. சேயாறு கூடவே வரும்.

அதைவிட முக்கியம், வழியில் இருப்பவர்களைப் பற்றி அது சொல்வது. மலைக்குடிகளிடம் போய் நன்னனிடம் போகிறோம் என்று சொல்லுங்கள், உங்கள் வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழையுங்கள், சொந்தக்காரர் மாதிரி சோறு போடுவார்கள் என்கிறான் கூத்தன். தினைச்சோறு, நெய்யில் வெந்த இறைச்சி, மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறல், பலாக்கொட்டை, மூங்கிலரிசி என்று ஊருக்கு ஊர் மாறும் சாப்பாட்டைப் பொறுமையாக அடுக்குகிறான். பாட்டில் வரும் நவிர மலையைப் பர்வதமலை என்று இன்று பலரும் கொள்கிறார்கள். ஜவ்வாதின் தெற்கே தனியாகக் குத்திட்டு நிற்கும் கூர்மையான மலை அது. மலையின் பெயரே கேள்விக்குரியது என்றாலும், அந்தச் சாப்பாட்டின் பட்டியலில் சந்தேகத்துக்கு இடமில்லை. மேலே போய்ச் சாப்பிட்டவன் எழுதியது அது.

இந்தப் பாட்டு எத்தனையோ நூற்றாண்டு ஏட்டில் கிடந்து, உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது அச்சுக்கு வந்தது. ஆண்டு 1889. அதற்கு எட்டு வருடம் முன்னால், 1881இல், ஏ.எஃப். காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு கையேட்டை அரசு அச்சிட்டது. இடையில் 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. ஒரே பத்தாண்டுக்குள் மூன்று காகிதங்கள் இந்த மலையைத் தொடுகின்றன. கையேடு இதைத் தன் மாவட்டத்தின் ஓரமாகப் பார்த்தது. பாட்டு இதை வழியாகப் பார்த்தது. சட்டம் பார்த்தது மரத்தை. மூன்றில் எது மலையை மாற்றியது என்று சொல்லத் தேவையில்லை.

சட்டம் வேலை செய்த விதம் எளிமையானது. இன்ன எல்லைக்குள் இருப்பதைக் காப்புக்காடு ஆக்கப் போகிறோம் என்று அரசு அறிவிக்கும். விசாரிக்க ஓர் அதிகாரி வருவார். மேய்ச்சல், வழி, தண்ணீர், விறகு என்று அங்கே உனக்கு என்ன உரிமை இருக்கிறதோ, குறித்த காலத்துக்குள் அவரிடம் வந்து சொல்ல வேண்டும். சொல்லாத உரிமை அழிந்துபோகும். அறிவிப்பு மாவட்ட அரசிதழில் வரும்! சாமை விதைத்துக்கொண்டு இருப்பவனுக்கு அரசிதழ் எங்கே போய்ச் சேரும்? காடு திருத்தி உழுது, சில வருடம் விட்டுவிட்டு நகர்ந்துபோகும் விவசாயத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. விட்டுப்போன நிலத்தைச் சட்டம் யாருக்கும் இல்லாத நிலமாக எழுதிக்கொண்டது. உயிரோடு இருப்பவன் பேரில் காரியம் பண்ணுவது இரண்டாவது முறை. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது நீதிமன்ற உத்தரவால் பல ஆண்டுகள் நின்று கிடந்தது.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் இறங்கும் பேருந்தில் ஒருமுறை பக்கத்தில் ஒரு பெரியவர். மடியில் ஒரு சாக்குப்பை, உள்ளே புளி. கைபேசியில் உயரக்கோட்டு வரைபடத்தை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு குன்றையும் காட்டி, “அய்யா, இதுக்கு என்ன பேரு?” என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

“அதும்மேல ஏறி அந்தாண்ட எறங்கினா எங்க மாமன் ஊரு. இதுல தேன் எடுப்பாங்க. அது மொட்ட, ஒண்ணும் கெடையாது.”

“இங்க சந்தனம் நிறைய இருந்துச்சாமே?”

“இருந்துச்சு.”

“பேருந்து போகும்போதே வாசனை வருமா?”

சிரித்தார். “இன்னா தம்பி நீ. நிக்கிற மரத்துக்கு ஏது வாசன? வெட்டினாத்தான்.”

அது முழு உண்மை. சந்தனத்தின் மணம் உள்ளே வைரத்தில் இருக்கிறது, அது ஏற 20, 30 வருடம் ஆகும். பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைப் பொருத்தி உறிஞ்சி வாழும் மரம் அது. தனியாக நட்டால் தேறாது, காடு வேண்டும். காட்டுக்குள் அரசின் மரம். பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும், 2002இல் சட்டம் திருத்தப்படும்வரை, நிலத்துக்காரனுக்கு அதன்மேல் முழு உரிமை கிடையாது. தன் வரப்பில் ஒரு சந்தனக் கன்றைப் பார்த்தவன் என்ன செய்வான்? வம்பு எதற்கு என்று பிடுங்கிப் போடுவான். மரத்தைக் காக்க எழுதிய சட்டம் கன்றைக் கொன்றது. வெட்டிய மரங்கள் அடிவாரத்தில் திருப்பத்தூர் அரசுக் கிடங்குக்கு வந்து, தரம் பிரித்து, ஏலம் போயின. அரசு வெட்டியதுபோக மற்றவர்கள் வெட்டினார்கள்.

இடையில் மலையிடம் வேறொன்றைக் கேட்டு வந்தவர்களும் உண்டு. கொடைக்கானல் வானாய்வகத்துக்கு 1960இல் இயக்குநரான வைணு பாப்பு, நட்சத்திரங்களைப் பார்க்கத் தோதான இடம் தேடி, காவலூரைப் பிடித்தார். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர். 12 பாகைகளுக்குச் சற்று மேலான அட்சரேகை என்பதால் வடவானமும் தென்வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். அதைவிட, இருட்டு. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு ஆரம்பித்து, 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அது வந்த வருடமே வியாழனின் துணைக்கோள் கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை இங்கிருந்து கவனித்து, அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயம் கண்டார்கள்.

1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதைப் பார்க்க உலகின் பல இடங்களில் காத்திருந்தார்கள். காவலூரில், கோள் நெருங்குவதற்கு முன்பே நட்சத்திரம் ஒரு கணம் மங்கியது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். மற்ற இடங்களின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அது நிலவில்லை, வளையம் என்று தெரிந்தது. சனிக்கு மட்டும்தான் வளையம் என்று நாம் நினைத்திருந்த காலம் அந்த ஒரு கண மங்கலில் முடிந்தது. பாப்பு 1982இல் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். 1988இல் ராஜமோகன் இங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர்.

காவலூரை எனக்குப் பிடிக்கும். மலையிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகாமல் வந்தவர்கள் அவர்கள். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அவர்களுக்கு மலை பிடித்துப்போனதற்குக் காரணமான அந்த இருட்டு, பக்கத்து ஊர்களில் விளக்கு இல்லாததன் இன்னொரு பெயர். இப்போது சமவெளி ஊர்களின் வெளிச்சம் அடிவானத்தில் ஏறி வருகிறது. நாட்டின் புதிய கருவிகள் லடாக்கின் ஹன்லேவுக்குப் போகின்றன, அங்கே இருட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது.

சந்தனத்துக்கு வருகிறேன். கடத்தல் பெருகிய காலத்தில் மலைக்காரன் என்றாலே கடத்தல்காரன் என்றானது. பக்கத்துச் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தியில், இதே மலையாளி மக்களின் ஊரில், 1992 ஜூன் 20 அன்று சந்தனம் தேடி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் செய்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. 2011இல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

ஜவ்வாதில் மரம் தீர்ந்தது. மரம் வெட்டத் தெரிந்த கை தீரவில்லை. எந்த மரத்தில் வைரம் ஏறியிருக்கிறது என்று பார்த்தே சொல்வது, சத்தமில்லாமல் சாய்ப்பது, சுமந்துகொண்டு இரவில் மலை இறங்குவது எல்லாம் ஒரு தலைமுறை சம்பாதித்த திறமை. அதற்கு வாடிக்கையாளர் வடக்கே இருந்தார். செம்மரம் உலகத்தில் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும், அதிலும் பெரும்பாலும் சேஷாசலம், கடப்பைப் பக்கம். சீனாவில் அதற்கு விலை. நடுவில் இருக்கும் தரகர்களுக்குப் பணம். கோடாலி பிடிப்பவனுக்குச் சாமை விளையாத மாதங்களில் ஒரு கூலி.

2015 ஏப்ரல் 7 விடியற்காலை சேஷாசலம் காட்டில், இரண்டு இடங்களில், ஆந்திரச் சிறப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. 20 பேரும் தமிழர்கள். கல்லெறிந்து தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். தேசிய மனித உரிமை ஆணையம்வரை விஷயம் போனது. செத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் திருவண்ணாமலை மாவட்டக்காரர்கள், ஜவ்வாதின் மேல் ஊர்களையும் படவேட்டைச் சுற்றிய அடிவார ஊர்களையும் சேர்ந்தவர்கள். ஒரு மாலை நேரத்தில் வேலைக்கு என்று கிளம்பிப் போனவர்கள்.

கங்குந்தி இன்று ஆந்திரத்தில், குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உடல்கள் வண்டிகளில் வந்தன. ஆறு பேரின் குடும்பங்கள் எரிக்க மாட்டோம் என்றார்கள். மறுபடி பிரேதப் பரிசோதனை செய்யுங்கள், எப்படிச் செத்தார்கள் என்று சொல்லுங்கள், அதுவரை காரியம் இல்லை. நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதுவரை அந்த ஆறு உடல்களும் திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் குளிரில் காத்துக் கிடந்தன. மூன்று வேளையும் வெளியே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

போளூரிலிருந்து திருப்பதிப் பக்கம் போகிறவர்கள் வேலூர் தாண்டிப் பாலாற்றைக் கடக்கிறார்கள். நீளமான பாலம். ஆற்றில் வருடத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான், நாய்கூட நடந்தே போய்விடும்.